ராட்வைலர் நாயும் குடும்ப வாழ்க்கையும்

வீட்டுக்கு ஒரு காவல் நாய் வேண்டுமென்று எண்ணுவோர் அநேகர். அவர்களுள் சிலர், உருவத்தில் பெரியதும் கண்ட மாத்திரத்தில் அச்சம் தருவதுமான அயல்நாட்டு ஜாதி நாயொன்றை விலை கொடுத்து வாங்குகின்றனர். கரிய மேனியும், கண்களுக்கு மேலும் மோவாயிலும் கால்களிலும் செம்பழுப்புத் திட்டுகளும், அகன்ற தலையும் கொண்ட ராட்வைலர் இத்தகைய இனங்களுள் ஒன்றாகும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இந்நாயை வளர்க்கலாமா என்னும் கேள்வியை ஊரார் கால்நடைப் பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் கேட்பது இயல்பு. இதற்குப் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. பிறவியிலேயே கொடியது, வீட்டில் சேர்க்கலாகாது என்பர் ஒரு சாரார். அன்பாக வளர்த்தால் எந்த நாயும் குழந்தைக்குத் தோழன் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதியே உள்ளது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் கொடிய காயம் விளைவித்த செய்தியை வாசகர்கள் அறிந்திருக்கலாம். தவறான விடையின் விலை அத்தகையது. ஆதலின் இப்பொருளைச் சற்று நிதானமாக ஆராய்தல் நலம்.

தோற்றமும் தொழிலும்

தென்மேற்கு ஜெர்மனியில் ராட்வைல் என்னும் பழைய நகரம் இருக்கிறது. கி.பி. 73இல் ரோமானியர் அமைத்த குடியிருப்பிலிருந்து வளர்ந்த ஊர் இது. படையெடுத்து வந்த ரோமானியர் தம் உணவுக்கான மாட்டு மந்தைகளை ஓட்டிவர நாய்களைக் கொண்டு வந்தனர் என்றும், அவற்றின் வழிவந்ததே இவ்வினம் என்றும் கூறுவது மரபு. பிற்காலத்தில் இவ்வூர் கால்நடைச் சந்தைக்குப் பெயர் பெற்றது. மாட்டு மந்தைகளைச் சந்தைக்கு ஓட்டுவதும், இறைச்சிக் கடைக்காரரின் சிறு வண்டியை இழுப்பதும், அவருடைய பொருளைக் காப்பதும் இந்நாயின் தொழில்களாயின. இதனால் இதற்கு 'ராட்வைல் இறைச்சிக் கடைக்காரரின் நாய்' என்னும் பெயரே வழங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப் பாதைகள் வந்தபின் மாடுகள் ரயிலில் ஏற்றப்பட்டன. நாய்க்கு வேலையில்லாது போயிற்று. இவ்வினம் ஏறக்குறைய அருகிவிட்ட நிலையில், 1910இல் ஜெர்மனியில் இது போலீஸ் பணிக்குரிய நாயாக ஏற்கப்பட்டது. 1921இல் இதன் வளர்ப்புக்கெனத் தனிச் சங்கம் ஏற்பட்டது. பெற்றோர் நாய்களின் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தும், அவற்றின் சுபாவத்தைச் சோதித்தும் தேறியவற்றையே இனப்பெருக்கத்துக்கு அனுமதிப்பது அச்சங்கத்தின் நியதி. நம் நாட்டில் குட்டி வாங்குவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

வளர்ந்த ஆண் நாய் தோள் வரை 61 முதல் 68 சென்டிமீட்டர் உயரமும், ஏறத்தாழ 50 கிலோகிராம் எடையும் உடையது. பெண் நாய் 56 முதல் 63 சென்டிமீட்டர் உயரமும், ஏறத்தாழ 42 கிலோகிராம் எடையும் உடையது. முரட்டு மாட்டை எதிர்த்து நின்று மடக்குதற்கென உருவான உடல் இது. ஓராண்டு நிறைவதற்குள் இந்நாய் பத்து வயதுச் சிறுவனைக் காட்டிலும் எடை மிகுந்துவிடுகிறது.

கடுமை பிறவிக் குணமா?

ஒரு நாயின் இனத்தை அறிந்தால் அதன் குணத்தையும் அறிந்துவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்க விஞ்ஞானிகள் குழுவொன்று 2022இல் இதனைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. 18,385 நாய்களின் நடத்தை குறித்து அவற்றை வளர்ப்போரிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. 2,155 நாய்களின் மரபணுக்களும் ஆராயப்பட்டன. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றில் ஒன்பது பங்கு மட்டுமே இனத்தால் விளங்கிற்று. சொற்படி கேட்டல் போன்ற சில இயல்புகளில் இனத்தின் பங்கு சற்று மிகுதி. அச்சமோ தொல்லையோ நேரும்போது ஒரு நாய் எவ்வளவு எளிதில் சினங்கொள்ளும் என்பதை முன்கூட்டி அறிய இனம் ஏறக்குறைய உதவவேயில்லை.

2008இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, மனிதரிடம் சீறுவதிலும் கடிக்க முற்படுவதிலும் டாக்ஸ்ஹுண்ட், சிவாவா போன்ற சிறிய நாய்கள் முன்னணியில் நிற்பதைக் காட்டிற்று. மடியில் வைத்துக் கொஞ்சப்படும் நாய்கள் இவை. இவை கடித்தால் பெரும்பாலும் செய்தியாவதில்லை. ராட்வைலர் கடித்தால் செய்தியாகிறது. இதிலிருந்து ராட்வைலர் வீணாகப் பழி சுமக்கிறது என்று முடிவு கட்டலாமா? அவ்வாறு முடிவு கட்டுவதற்குமுன் மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கடியும் காயமும்

ஒரு நாய் கடிக்குமா என்பது ஒரு கேள்வி. கடித்தால் என்ன நேரும் என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு விடை பெரும்பாலும் வளர்ப்பிலும் சூழ்நிலையிலும் உள்ளது. இரண்டாவது கேள்விக்கு விடை நாயின் எடையிலும் தாடையிலும் உள்ளது. அதனை எந்த வளர்ப்பும் மாற்றுவதில்லை. மூன்று கிலோ நாய் பத்து முறை கடித்தும் விளையாத சேதத்தை 50 கிலோ நாய் ஒரே முறையில் விளைவிக்கக் கூடும்.

அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய்களால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தவர்கள் 238 மரணங்களில் நாயின் இனம் இன்னதென்று அறிந்தனர். அவற்றில் குறைந்தது 25 இனங்கள் சம்பந்தப்பட்டிருந்தன. ஆயினும் பாதிக்கு மேற்பட்டவற்றில் சம்பந்தப்பட்டவை பிட்புல் வகை நாய்களும் ராட்வைலர்களுமே. ஒவ்வோர் இனத்திலும் எத்தனை நாய்கள் வளர்க்கப்படுகின்றன என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லாமையால், இவ்வெண்களைக் கொண்டு இனத்துக்கு இனம் அபாயத்தை ஒப்பிடுதல் இயலாது என்று அவ்வாராய்ச்சியாளரே எச்சரித்தனர்.

2000 முதல் 2009 வரை அந்நாட்டில் நேர்ந்த 256 மரணங்களைப் பற்றிய பிறிதோர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. நாயின் இனத்தை மட்டும் பாராமல், நிகழ்ச்சியின்போது நிலவிய சூழ்நிலையை அது ஆராய்ந்தது. நூற்றுக்கு 87 நிகழ்ச்சிகளில் தடுத்துக் காக்கவல்ல பெரியவர் எவரும் அருகில் இல்லை. நூற்றுக்கு 85இல் மாண்டவருக்கு அந்நாயோடு நெருங்கிய பழக்கமில்லை. நூற்றுக்கு 84இல் நாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டிருக்கவில்லை. நூற்றுக்கு 76இல் நாய் குடும்பத்தினரோடு கலந்து பழகவிடப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. பெரும்பாலான நிகழ்ச்சிகளில் இத்தகைய காரணங்கள் நான்கோ அதற்கு மேற்பட்டோ ஒருங்கே கூடியிருந்தன.

இக்காரணங்களுள் பல மனிதரால் நீக்கக் கூடியவை. இதுவே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. நம் ஊர்களிலோ, நாயைப் பகல் முழுதும் சங்கிலியில் பிணைத்து, எவரையும் நெருங்கவிடாமல் வைத்திருந்தால்தான் காவல் உறுதிப்படும் என்று பலர் கருதுகின்றனர். மேற்கண்ட எண்களோ ஒதுக்கி வைத்தலை அபாயக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டுகின்றன.

குட்டிப் பருவத்தின் சிறப்பு

நாய்க்குட்டியின் வாழ்வில் மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலம் மிக முக்கியமானது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்து ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனையொன்று 1961இல் வெளியாயிற்று. உயர்ந்த வேலியிட்ட வெளியில், மனிதரைக் காணாதபடி குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் சில குட்டிகள் ஒவ்வொரு வாரத்துக்கு மனிதரோடு பழகவிடப்பட்டன. பதினான்கு வாரம் வரை மனிதப் பழக்கமே இல்லாதிருந்த குட்டிகள் பின்னர் எவ்வளவு முயன்றும் மனிதரை அஞ்சி விலகின. அதே ஆய்வுக்கூடத்து அறிஞர்களான ஸ்காட், புல்லர் இருவரும் தம் நெடுங்கால ஆராய்ச்சிகளை 1965இல் நூலாக வெளியிட்டபோது இப்பருவத்தின் சிறப்பை வலியுறுத்தினர்.

அச்சமே கடிக்குப் பெரியதொரு காரணம். இப்பருவத்தில் குழந்தை, முதியவர், குடை பிடித்தவர், தலையில் சுமையுடையவர், சைக்கிள், மேளச் சத்தம் ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் பழகிய நாய் பிற்காலத்தில் அவற்றைக் கண்டு மிரளுவது குறைவு. இவற்றுள் எதனையும் பாராமல் இருட்டறையில் வளர்ந்த குட்டி, தெரியாதவை யாவற்றையும் பகையாகக் கருதும்.

எனவே குட்டி வாங்குமிடம் முக்கியமாகிறது. நம் நாட்டில் 2017இல் வகுக்கப்பட்ட நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்றலாகாது. தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதிருத்தல் நலம். தாய் மிரண்டோ சீறியோ நின்றால், குட்டியின் அழகைக் கண்டு மயங்கலாகாது.

தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்குதல் ஆபத்து. ராட்வைலர் குட்டிகள் பார்வோ என்னும் கொடிய குடல் நோய்க்கு எளிதில் இரையாகின்றன. ஆயினும் அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தலும் தவறு. கையில் ஏந்திச் சென்று வெளியுலகைக் காட்டலாம்.

நம் நாட்டுச் சூழ்நிலை

குளிர் நாட்டில் தோன்றிய இந்நாய்க்கு மேல்முடியின் அடியில் மற்றொரு மென்மயிர் அடுக்கும் உண்டு. நாய்க்கு மனிதனைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிதளவே வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே உடற் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். கறுப்பு நிறமோ வெயிலை ஈர்க்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ கட்டி வைக்கப்படும் ராட்வைலர் வெப்பத் தாக்குதலால் இறக்கவும் கூடும். நிழலும் நீரும் எப்போதும் வேண்டும்; உலாவ அழைத்துச் செல்வதை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்பும் வைத்துக்கொள்ள வேண்டும்.

உழைப்பதற்கென உருவான பிராணியாதலால், நாள்தோறும் உலாவலும் வேலையும் இல்லாவிடில் அது எரிச்சலடையும். உலாவ அழைத்துச் செல்பவர், 50 கிலோ எடையுள்ள நாய் திடீரெனப் பாய்ந்தால் நிறுத்தவல்லவராக இருத்தல் வேண்டும். பல வீடுகளில் இப்பொறுப்பு சிறுவரிடமோ வயது முதிர்ந்த வேலையாளிடமோ விடப்படுகிறது. இது பெருந்தவறு. பெரியவர் ஒருவரின் கையிலுள்ள உறுதியான வாரும், பொது இடத்தில் வாய்மூடியும் இன்றி இந்நாயை வெளியே கொண்டு செல்லலாகாது. வாய்மூடி, நாய் வாயைத் திறந்து மூச்சிரைப்பதற்கு இடம் தரும் கூடை வடிவினதாக இருத்தல் வேண்டும்.

நோய்ச் செலவையும் கருத வேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறும் எலும்புப் புற்றும் இவ்வினத்தில் அதிகம். பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், இந்நாய்களின் ஆயுள் நடுத்தரமாக ஒன்பது ஆண்டு எனத் தெரிந்தது. மருத்துவரிடம் கொண்டுவரப்பட்ட ராட்வைலர்களில் நூற்றுக்கு ஏழுக்குச் சீறிப் பாயும் குணமே குறையாகக் குறிக்கப்பட்டிருந்தது. மீதமுள்ளவற்றில் அக்குறை குறிக்கப்படவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

சட்ட நிலையும் அறியத்தக்கது. 2024 மார்ச் 12ஆம் நாள் மத்திய கால்நடைத் துறை, 23 வகை நாய்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்குமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிற்று. ராட்வைலர் அப்பட்டியலில் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றமும் டில்லி உயர்நீதிமன்றமும் அக்கடிதத்தை ரத்துச் செய்தன. எனினும் உரிமம், வாய்மூடி முதலியவை பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், குட்டி வாங்குமுன் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தல் அவசியம். பிராணியால் பிறருக்கு நேரக்கூடிய அபாயத்தைத் தடுக்கத் தவறும் உரிமையாளர், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரியவராவார்.

ஆசிரியர்கள் கற்பிக்கத்தக்கவை

சிறு குழந்தைகளைக் கடிப்பவற்றுள் பெரும்பாலானவை அக்குழந்தைகள் அறிந்த நாய்களே. குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் காயமும் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் ஏற்படுகிறது. எனவே நாயின் மொழியைக் குழந்தைகளுக்குக் கற்பித்தல் பயனுடையது. தலையைத் திருப்பிக்கொள்ளுதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், கண்ணின் வெண்பகுதி தெரிய ஓரப் பார்வை பார்த்தல், அசைவற்று விறைத்து நிற்றல் ஆகியவை 'என்னை விட்டு விலகு' என்று நாய் உணர்த்தும் முறைகள். வால் ஆட்டும் நாய் யாவும் நட்புடையதன்று. உறுமல் இறுதி எச்சரிக்கை. உறுமியதற்காக நாயை அடித்தால், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் தாயையும் தொடலாகாது. கட்டியுள்ள நாயைச் சீண்டலாகாது. அயல் நாய் நெருங்கினால் ஓடாமல், கூச்சலிடாமல், கைகளை உடலோடு ஒட்டி, மரம்போல் அசையாது நின்று தரையை நோக்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும். இதனைப் பள்ளி வெளியில் விளையாட்டாகவே பழக்கலாம்.

வீடுதோறும் செல்லும் பணியாளர்

கணக்கெடுப்பு, சுகாதாரம், கால்நடை முதலிய துறைப் பணியாளர்கள் வாயிற் கதவைத் திறப்பதற்கு முன் வெளியிலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். வீட்டார் வந்து நாயைக் கட்டிய பின்னரே உட்புகுதல் வேண்டும். 'அது ஒன்றும் செய்யாது' என்று வீட்டார் கூறுவதை மட்டும் நம்பலாகாது. வீட்டாருக்கு அது ஒன்றும் செய்யாமலிருக்கலாம், அயலாருக்கு அவ்வாறன்று. நாய் பாய்ந்து வருமாயின் புறங்காட்டி ஓடாமல், கையிலுள்ள பையையோ குடையையோ இடையே பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும்.

எந்த நாய் கடித்தாலும், அது தடுப்பூசி பெற்ற வீட்டு நாயேயாயினும், காயத்தை உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி முதலியன இடலாகாது. அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று மருத்துவர் கூறும் வெறிநோய்த் தடுப்பூசி முழுவதையும் போட்டுக்கொள்ள வேண்டும். ஆழ்ந்த காயத்துக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். வெறிநோய்க் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ராட்வைலர் வாங்க எண்ணி ஆலோசனை கேட்டு வருவோரிடம் பின்வரும் வினாக்களைக் கேட்கலாம். நாயைக் கட்டுப்படுத்த வல்ல பெரியவர் ஒருவர் நாள்தோறும் காலையும் மாலையும் நேரம் ஒதுக்குவாரா? நாய் குடும்பத்தாரோடு வீட்டுக்குள் வாழுமா, அன்றிக் கொட்டகையில் தனித்துக் கிடக்குமா? வீட்டைச் சுற்றி நாய் தாண்ட முடியாத மதிலும் தானே மூடிக்கொள்ளும் கதவும் உண்டா? தடுப்பூசி, கருத்தடை, உணவு, மருத்துவம் ஆகியவற்றின் செலவை ஒன்பது, பத்து ஆண்டுகள் தாங்க இயலுமா? குழந்தையும் நாயும் ஒரே அறையில் இருக்கும்போதெல்லாம் பெரியவர் ஒருவர் விழிப்போடு உடனிருப்பாரா?

ஐந்துக்கும் 'ஆம்' என்று மனமாரக் கூறும் குடும்பத்தில், நல்ல பெற்றோருக்குப் பிறந்து நன்கு பழக்கப்பட்ட ராட்வைலர் அமைதியும் பற்றும் உடைய துணையாக வாழ முடியும். ஒன்றுக்கேனும் 'இல்லை' என்ற விடை வருமாயின், அவ்வீட்டுக்கு இந்நாய் ஏற்றதன்று என்று தயங்காமல் கூறிவிடலாம். கைக்குழந்தையோ தளர்ந்த முதியவரோ உள்ள சிறிய வீடுகளில் பெரும்பாலும் அத்தகைய விடையே வரும். காவலுக்கு வேண்டியது குரைத்து அறிவிக்கும் நாய் மட்டுமே. அதற்கு நம் வெயிலுக்குப் பழகிய, அளவிற் சிறிய நாட்டு நாய் போதும்.

ஏற்கனவே இந்நாயை வாங்கிவிட்டவர் அதனைத் தெருவில் விட்டுவிட எண்ணலாகாது. அது அவர் வீட்டு அபாயத்தை ஊர் அபாயமாக்குவதாகும். கால்நடை மருத்துவரை அணுகிக் கருத்தடை செய்வித்து, சங்கிலியை அவிழ்த்து, மதிலுக்குள் உலவவிட்டு, பெரியவர் ஒருவர் பொறுப்பில் பழக்கத் தொடங்குதலே அவர் இன்று செய்யத்தக்கது.